வீடியோ கம்பெனிக்கெல்லாம் தனிப் பக்கம் வேணுமா? எங்க விக்கில இதை முடிவு பண்ண கதை

தென்னாப்பிரிக்காவுல இருக்குற தமிழ்ப் பட ரசிகர்கள் கொஞ்ச பேரு சேந்து ஒரு விக்கி, அதாவது எல்லாரும் சேந்து எழுதித் திருத்துற இணையதளம், நடத்துறோம். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியான்னு ஆளுக்கொரு மூலைல இருக்கோம். வீடுகள்ல கிடக்குற தமிழ் வீடியோ கேசட், விசிடி, டிவிடி எல்லாத்தையும் ஒண்ணு விடாம பதிவு பண்றதுதான் வேலை. ஒரு படத்துக்கு ஒரு பக்கம், அந்தப் படம் எத்தனை தடவை டிஸ்க்கா வந்திருக்கோ அத்தனை வெளியீட்டுப் பக்கம், இதுல யாருக்கும் சண்டை இல்ல. சண்டை வந்தது அதையெல்லாம் வெளியிட்ட கம்பெனிகளோட பக்கங்கள்ல. அதை எப்படித் தீத்தோம்னு கொஞ்சம் விவரமா எழுதுறேன், ஏன்னா இதே வேலை பண்ற மத்த ஊர்க்காரங்களும் இதே இடத்துலதான் வந்து முட்டிக்குவாங்க.

அந்தப் பக்கங்கள்ல பாதிக்கு மேல ரெண்டே வரி. இது ஒரு வீடியோ நிறுவனம்னு ஆரம்பிச்சு கீழ படப் பட்டியல், அவ்ளோதான். சிலதுல கவர்ல இருக்குற போன் நம்பர், தெளிவான பிரிண்ட், டிடிஎஸ் சவுண்ட்னு இருக்குற விளம்பர வரி வரைக்கும் அப்படியே தட்டி வச்சிருந்தாங்க. எழுத்துக்கூட்டல மாத்தி மாத்தி ஒரே கம்பெனிக்கு நாலு பக்கம். பட்டியலக் கையால போட்டதால படத்தோட பக்கம் ஒண்ணு சொல்லும், கம்பெனியோட பக்கம் வேற ஒண்ணு சொல்லும், புதுசா வர்றவங்க எதை நம்புறதுன்னு தெரியாம ரெண்டையும் மாத்திட்டுப் போவாங்க.

பிரச்சினை வெடிச்சது ஒரு தொண்ணூறுகள் படத்தோட தகவல்பெட்டியில, அதாவது பக்கத்தோட ஓரத்துல முக்கிய விவரங்கள மட்டும் கட்டம் கட்டமாப் போடுற பெட்டியில. விநியோகம்ங்கிற கட்டத்துல ஒருத்தர் என்எஸ்சி ஏரியா எடுத்தவங்க பேரப் போட்டாரு. என்எஸ்சின்னா வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, தமிழ்நாட்டுல தியேட்டருக்குப் படத்த ஏரியா ஏரியாவாப் பிரிச்சு விக்கிறதுல அது ஒண்ணு. இன்னொருத்தர் அத அழிச்சுட்டு லண்டன்லேருந்து டிவிடி போட்ட கம்பெனி பேரப் போட்டாரு. மூணாவது ஆளு அதையும் அழிச்சுட்டு டர்பன் சாட்ஸ்வொர்த்துல இருந்த ஒரு கடை பேரப் போட்டாரு, அவரு கையில இருக்குற டிஸ்க்குல அந்தக் கடை ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கு. மாறி மாறி அழிச்சுக்கிட்டே இருந்தாங்க. பாத்தா மூணு பேரு சொன்னதும் நிஜம்தான். மூணு வேற வேற வேலைய ஒரே கட்டத்துல திணிக்கப் பாத்ததுதான் சிக்கல்.

அதுக்கப்புறம்தான் ஒரு சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் அங்கிள் வீட்டுல உக்காந்து டிஸ்க்கயே எடுத்து வச்சுப் படிக்கலாம்னு முடிவு பண்ணோம். அங்கிள் ரொம்ப வருஷம் வீடியோ கடை நடத்துனவரு, காராஜ் முழுக்க அட்டைப்பெட்டிதான். மாரிட்ஸ்பர்க் அக்கா பூதக்கண்ணாடி கொண்டு வந்தாங்க, நான் போட்டோ எடுத்தேன். ஒரு டிவிடியக் கையில எடுத்தா முன்னாடி பெருசா ஒரு லோகோ, அதப் பாத்துதான் எல்லாரும் கம்பெனி பேர எழுதுறோம். பின் கவர்ல கீழ எறும்பு மாதிரிப் பொடி எழுத்துல ரெண்டு மூணு வரி இருக்கும், அதத்தான் யாரும் படிக்கிறதில்ல, விஷயம் பூரா அங்கதான் இருக்கு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துல 52ஏன்னு ஒரு பிரிவு, 1984ல சேத்தது. படத்த வீடியோவா வெளியிட்டா கவர்லயும் ஓடும்போது திரையிலயும் சில விவரம் இருந்தே ஆகணும்னு அது சொல்லுது. சென்சார் சர்டிபிகேட்டோட காப்பி, வீடியோவ ஆக்குனவங்க பேரும் முகவரியும், உரிமையாளர்கிட்ட அனுமதி வாங்கியாச்சுன்னு அவங்க குடுக்குற உறுதிமொழி, அப்புறம் உரிமையாளரோட பேரும் முகவரியும். ஆக சட்டமே வெளியிட்டவரையும் உரிமையாளரையும் தனித்தனியாதான் கேக்குது, நாங்கதான் ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிட்டு இருந்திருக்கோம்னு அக்கா சொன்னப்ப எனக்கு உண்மையிலயே பெரிய பாரம் இறங்குன மாதிரி இருந்துச்சு. ஆனா வெளிநாட்டுல போட்ட டிஸ்க்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதுல லோகோ மட்டும்தான் இருக்கும் பல சமயம்.

அதுக்கும் ஓரளவு துப்பு கிடைக்கும். டிஸ்க்கத் திருப்பி வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா நடு ஓட்டையச் சுத்தி இருக்குற வளையத்துல ஐஎஃப்பிஐன்னு (IFPI) ஆரம்பிச்சு குட்டியா ஒரு குறியீடு தெரியும். 1994லேருந்து டிஸ்க் செய்யுற ஆலைகளுக்குக் குடுத்துட்டு வர்ற குறியீடு அது, மாஸ்டர் (மூலப் பிரதி) வெட்டுன இடத்துக்கு ஒண்ணு, அச்சு எடுத்த இடத்துக்கு ஒண்ணு. ஒருத்தர் பேருல வந்த டிஸ்க்க அச்சுப் போட்டது வேற ஆலையா இருக்கலாம், அந்த ஆலைய வெளியீட்டாளர்னு எழுதிடக் கூடாது. பார்கோடும் அப்படித்தான். 890ன்னு ஆரம்பிச்சா இந்தியா, 600, 601ன்னா தென்னாப்பிரிக்கா, 955ன்னா மலேசியா, 50ன்னா பிரிட்டன். ஆனா அது நம்பர எங்க பதிவு பண்ணாங்கன்னு மட்டும்தான் காட்டும், டிஸ்க் எங்க செஞ்சதுன்னு காட்டாது. எந்த நாட்டு ப்ளேயர்ல டிஸ்க் ஓடும்னு சொல்ற ரீஜன் கோட வச்சுக் கண்டுபிடிக்கலாமேன்னு ஜோபர்க் தம்பி கேட்டான், தென்னாப்பிரிக்கா 2, இந்தியா 5ன்னு இருக்குல்லன்னு. தமிழ் டிஸ்க்ல நாங்க பாத்ததெல்லாம் எல்லா ரீஜனுக்கும் ஓடுற மாதிரிதான் இருந்துச்சு, அதனால அத விட்டுட்டோம்.

கேசட்டுக்கு வந்ததும் கதையே வேற. இந்த ஊர்ல டிவி வந்ததே 1976 ஜனவரில தான். இந்தியா 1946லயே தென்னாப்பிரிக்காவோட வியாபாரத்த நிறுத்திடுச்சு, உறவு திரும்புனது 1993ல. அதாவது நம்ம வீடுகள்ல வீடியோ கேசட் கொடிகட்டிப் பறந்த காலம் பூராவும் சென்னையும் டர்பனும் நேரா வியாபாரம் பண்ண முடியாத காலம். அப்ப ஒரு கேசட் மேல யாரு அனுப்புனாங்க, யாரு வழியா வந்துச்சுன்னு முழுசா எழுதியிருக்கும்னு எப்படி எதிர்பாக்க முடியும்? அங்கிள் பெட்டியில இருந்ததுல பாதிக்கு லேபிள்ல படத்தோட பேரு பால்பாயிண்ட் பேனாவுல, கீழ கடையோட ரப்பர் ஸ்டாம்ப். அவ்ளோதான் ஆதாரம். ஆனா அந்த ஸ்டாம்ப் இருக்குற கேசட்டப் பாத்துதான் எத்தனையோ வீட்டுல ஆயா பக்கத்துல உக்காந்து பேரப்பிள்ளைங்க தமிழக் காதுல வாங்குனாங்க, பள்ளிக்கூடத்துல கிடைக்காதது அங்கதான் கிடைச்சுது. அத லேசா ஒதுக்கிட்டுப் போக என்னால முடியல, இப்பவும் முடியாது.

யாருக்குத் தனிப் பக்கம்ங்கிற கேள்விக்கு முதல்ல வந்த யோசனை எண்ணிக்கை, இத்தனை படத்துக்கு மேல போட்டிருந்தா பக்கம் குடுக்கலாம்னு. இது நிக்காதுன்னு உடனே தெரிஞ்சுபோச்சு. 2015ல இயக்குநர் சேரன் சி-டூ-ஹெச்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, புதுப் படத்த நேரா டிவிடியா வீட்டுக்கே கொண்டுபோற திட்டம். அதுல வந்தத விரல் விட்டு எண்ணிடலாம், ஆனா தமிழ் வீடியோ வரலாறு எழுதுறவங்க அத விட்டுட்டு எழுதவே முடியாது. அதே நேரம் பழைய படமா நூத்துக்கணக்குல கொட்டுன கம்பெனி ஒண்ணப் பத்திப் பேரத் தவிர ஒரு வரி எழுத ஆதாரம் இல்ல.

ரெண்டாவது யோசனை பெரிய விக்கிகள்ல இருக்குற விதி, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஆளுங்க பத்திரிகையில புத்தகத்துல விரிவா எழுதியிருக்கணும்ங்கிறது. அவங்களுக்கு அது சரி. எங்களுக்கு அத அப்படியே வச்சா டர்பன் கடைகள் ஒண்ணுகூடத் தேறாது, நாங்க இந்த விக்கிய ஆரம்பிச்சதே அதுக்காகத்தான்.

ஜோபர்க் தம்பி சொன்ன வழிதான் கடைசில நின்னுச்சு. ஒரு கம்பெனியப் பத்தி படப் பட்டியலத் தவிர்த்து என்ன எழுத முடியும்னு பாப்போம், அத யாரு வேணாலும் சரிபாக்க முடியுமான்னு பாப்போம், ரெண்டுக்கும் ஆமான்னா பக்கம் உண்டு. அவன் குடுத்த உதாரணம் மோசர் பேயர். எதுவும் பதியாத வெறும் டிஸ்க் செஞ்ச கம்பெனி, வீடியோ சந்தைக்குள்ள வந்து விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபான்னு போட்டு எல்லாரையும் திரும்பிப் பாக்க வச்சாங்க, தமிழ்ப் படம் தயாரிக்கவும் செஞ்சாங்க, 2018ல கம்பெனியக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. இதுல ஒரு வரலாறு இருக்கு, எந்த ஒரு டிஸ்க்கோட பக்கத்துலயும் இத எழுத முடியாது. அதே மாதிரி ராஜ் வீடியோ விஷன், கேசட் போட்டுக்கிட்டு இருந்தவங்க 1994ல ராஜ் டிவி ஆரம்பிச்சாங்க. ஐங்கரன் லண்டன்லேருந்து வெளிநாட்டுத் தமிழருக்கு டிவிடி அனுப்புனவங்க, 2007ல ஈராஸ்ங்கிற பெரிய பட விநியோகக் கம்பெனி அதுல பெரும்பங்கு வாங்குச்சு, அதுக்கு முன்னாடி வந்த டிஸ்க்குக்கும் பின்னாடி வந்ததுக்கும் கவர்லயே வித்தியாசம் இருக்கான்னு பாக்கணும்னு அக்கா உடனே நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க.

திருட்டு விசிடி விஷயத்துல தான் குரல் உசந்துச்சு. தம்பி சொன்னான், நம்ம வீடுகள்ல இருந்ததுல பெரும்பங்கு அதுதான், அத மறைச்சா பொய் வரலாறு எழுதுன மாதிரி ஆகும்னு. அக்கா சொன்னாங்க, பக்கம் குடுத்தா அவனுங்களுக்கு மரியாதை குடுத்த மாதிரி ஆகும், படம் எடுத்து நடுத்தெருவுக்கு வந்தவங்க எத்தனை பேருன்னு. ரெண்டு பேரு பேச்சுலயும் நியாயம் இருந்துச்சு. ஆனா எனக்கு இன்னொரு பயம், கவர் மட்டமா இருக்குங்கிறதுக்காக ஒரு பேருக்குப் பக்கத்துல திருட்டுன்னு எழுதிட்டா அது பெரிய குற்றச்சாட்டு. தமிழ்நாட்டுல 2004ல வீடியோ திருட்டையும் குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டுவந்தாங்க, அவ்ளோ தூரம் போற விஷயம். அதனால இப்படி முடிவாச்சு. அந்த டிஸ்க் படத்தோட வெளியீட்டுப் பட்டியல்ல வரும், உரிம விவரம் கவரில் இல்லைன்னு மட்டும் எழுதுவோம். கம்பெனி பக்கம் கிடையாது, போன் நம்பர் கிடையாது, எங்க கிடைக்கும்ங்கிற இணைப்பு கிடையவே கிடையாது. கோர்ட் தீர்ப்பு இருந்தா ஒழிய திருட்டுங்கிற வார்த்தைய யாரு பேரு பக்கத்துலயும் போடக் கூடாது.

மிச்சமெல்லாம் வேகமா முடிஞ்சுது. தகவல்பெட்டி வார்ப்புருவுல (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அச்சு) விநியோகம்ங்கிற கட்டத்த எடுத்துட்டு தியேட்டர் விநியோகம், வீடியோ வெளியீடு, உரிமையாளர், இறக்குமதி அல்லது கடைன்னு நாலாப் பிரிச்சோம். முதல் கட்டம் படப் பக்கத்துல மட்டும், மத்த மூணும் வெளியீட்டுப் பக்கத்துல மட்டும். கம்பெனி பக்கத்துல இனிமே கையால படப் பட்டியல் போடக் கூடாது, வெளியீட்டுப் பக்கத்துல கம்பெனி பேருல பகுப்பு (வகைக் குறிப்பு) போட்டா அதுவே வந்து சேந்துடும். எழுத்துக்கூட்டல் மாறுன பக்கங்களையெல்லாம் ஒண்ணாக்கி வழிமாற்று வச்சோம், எந்த எழுத்துல தேடினாலும் சரியான இடத்துக்கு வரும். ரெண்டு வரிப் பக்கங்கள அழிக்கல, எல்லாத்தையும் வீடியோ நிறுவனங்கள் பட்டியல்னு ஒரே பக்கத்துல வரிசையா சேத்தாச்சு, ஆளுக்கு ஒரு வரி, ஆதாரமா கவரோட போட்டோ. நாளைக்குச் சேதி கிடைச்சா அந்த வரி தனிப் பக்கமா வளரட்டும்.

டர்பன் கடைகளுக்கு ஊர்வாரியா ஒரே கட்டுரை. அங்கிளுக்கு முதல்ல மனசு ஆறல, முப்பது வருஷம் நடத்துன கடை ஒரு கட்டுரையில ஒரு பத்தியான்னு கேட்டாரு, நியாயமான கேள்விதான். ஆனா அந்தக் கட்டுரைய எழுத உக்காந்தப்ப கிரே ஸ்ட்ரீட் தியேட்டர்கள்லேருந்து ஆரம்பிச்சு வீடியோ வந்ததும் கூட்டம் எப்படிக் கரைஞ்சுச்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாடகைக் கேசட்டுக்கு வாசல்ல எப்படி வரிசை நிக்கும்னு அவரு சொல்லச் சொல்ல, தனியா ஒரு கடைக்குப் பக்கம் போட்டிருந்தா இதெல்லாம் எங்கயுமே வந்திருக்காதுன்னு அவரே சொன்னாரு. அவரு சொன்னத நேர்காணல்னு பேரு போட்டு, தேதி போட்டு, தனி ஆதாரப் பக்கமா வச்சிருக்கோம். ஒருத்தர் ஞாபகத்த மட்டும் வச்சு எழுதுன வரிக்கு அப்படின்னு குறிப்பு இருக்கணும்ங்கிறதும் இப்ப விதி.

உள்ளூர்ல விதிப்படி வித்த டிஸ்க்ல இந்த நாட்டு ஃபிலிம் போர்டோட, அதாவது எந்த வயசுக்காரங்க பாக்கலாம்னு தரம் பிரிக்கிற அமைப்போட, வயசு ஸ்டிக்கர் இருக்கும். 1996 சட்டப்படி விநியோகிக்கிறவங்க போர்டுல பதிவும் பண்ணியாகணும். நாங்க பாத்ததுல அந்த ஸ்டிக்கர் கவருக்கு வெளிய சுத்தியிருக்குற பிளாஸ்டிக் தாள் மேல ஒட்டியிருக்கும், தாளக் கிழிச்சா போச்சு. அதனால டிவிடியப் பதிவு பண்றப்ப தாளோட ஒரு போட்டோ கட்டாயம்னு அக்கா சேத்தாங்க, எனக்குப் பிடிச்ச விதி அதுதான்.

இன்னும் முடியாம இருக்கறது கேசட் பக்கம். ஸ்டாம்ப் மட்டும் இருக்குற கேசட்ட எந்தக் கட்டத்துல வைக்கிறதுன்னு பேச்சுப் பக்கத்துல ஓடிக்கிட்டிருக்கு, வீடியோ வெளியீடுன்னு வைக்க ஆதாரம் பத்தாது, கடைன்னு வச்சா படத்த டர்பனுக்குக் கொண்டுவந்தது யாருங்கிறது விட்டுப்போகுது. டர்பன் சுத்துவட்டாரத்துல ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் பக்கம் யாரு வீட்டுலயாவது பழைய கேசட் இருந்தா, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி லேபிள், பெட்டியோட முதுகு, உள்ள இருக்குற துண்டுச் சீட்டு மூணையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, டேப் ஓடலன்னாலும் பரவால்ல.