சம்பூர் நாட்குறிப்பு: ஆளில்லாத ஊருக்குப் போட்ட கையெழுத்து

2016 பெப்ரவரி 7, ஞாயிறு

வேலிக்குக் கதியால் வெட்டலாம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பற்றைக்குள் ஒரு சீமெந்துக் கல் நின்றது, அவள்தான் முதலில் கண்டாள். "இது என்னப்பா?" என்றாள். எல்லைக்கல் என்றேன். ஆருடைய எல்லை என்று அடுத்த கேள்வி. அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கல்லுக்கு அங்கால் இருப்பது அப்பா காடு வெட்டித் திருத்திய வயல், ஆனால் கடுதாசியில் அது இப்போது நிலக்கரி அனல் மின் நிலையத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலம்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலை மாவட்டம், கொட்டியாரக் குடாவின் தென்கரை, மூதூருக்குக் கிழக்கே சம்பூர். 2006இல் சண்டைக்குள் ஊரைவிட்டு ஓடினோம். அதன்பின் ஊர் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது, பிறகு அதில் 818 ஏக்கர் முதலீட்டு வலயம் ஆனது, கடற்படைக்கு ஒரு பகுதி, மின் நிலையத்துக்கு 500 ஏக்கருக்கு மேல். போன வருஷம் ஓகஸ்டில் அந்த 818 ஏக்கரைத் திருப்பித் தந்தார்கள். என் வீட்டு வளவு அதற்குள் வந்தது. வயல் வரவில்லை.

சரி, இனி இங்கே தொடர்ந்து எழுதப் போகிறேன்.

பெப்ரவரி 14, ஞாயிறு

கொட்டிலுக்குள் இருந்து பழைய பத்திரிகைத் துண்டுகளை அடுக்கினேன். இந்த நிலையம் எப்போது முடிவானது என்று எனக்கே ஒழுங்காகத் தெரியாமல் இருந்தது, அதுதான் காரணம்.

2006 டிசம்பர் 29. அன்றைக்குத்தான் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. இந்தத் தேதியைப் பார்த்தபிறகு எனக்கு வேறு எதையும் வாசிக்க முடியவில்லை. சம்பூரை இராணுவம் பிடித்தது செப்டம்பர் 4. நான்கு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நாங்கள் எங்கே இருந்தோம்? ஈச்சிலம்பற்று, வாகரை எல்லாம் கடந்து மட்டக்களப்பில் ஒரு தறப்பாளுக்குக் கீழே, மாரி மழை, மனைவிக்கு அப்போது ஏழு மாதம் வயிற்றில். தண்ணீர் தறப்பாளில் தேங்கினால் கம்பால் தள்ளிவிட வேண்டும், இரவு முழுக்க நானும் தம்பியும் மாறி மாறித் தள்ளினோம்.

இடம் பார்த்தவர்கள் ஆரிடம் கேட்டிருப்பார்கள்? ஊரில் ஆள் இல்லை. கோயிலில் பூசை இல்லை. மாடுகள் மட்டும் நின்றிருக்கும்.

அதன்பிறகு 2011இல் கூட்டு நிறுவனம், 2013இல் மேலும் ஒப்பந்தங்கள், சுற்றாடல் தாக்க மதிப்பீடு, எல்லாம் ஒழுங்குமுறைப்படி நடந்ததாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இடம் முடிவானபிறகு வந்த கேள்விகள்தான் அவை எல்லாம்.

மார்ச் 14, திங்கள்

நேற்று நாடு முழுக்க மின்சாரம் போனது. போன மாதம் 25ஆம் தேதியும் இப்படித்தான். இங்கே இருட்டு எங்களுக்குப் புதிதில்லை, பாதி வீட்டுக்கு இன்னும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆனால் ரேடியோவில் பேச்சு உடனே மாறிவிட்டது: பார்த்தீர்களா, இதற்குத்தான் நிலக்கரி வேண்டும், சம்பூர்க்காரர் தடுக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தேன். மின்சாரம் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என் பிள்ளையும் லைட்டில்தான் படிக்க வேண்டும். ஆனால் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஏற்கனவே இருக்கிறதே. நாட்டின் மின்கம்பி தடுமாறினால் அந்த நிலையமும் நின்றுபோகிறது, திரும்ப எழுப்ப நாட்கணக்கில் எடுக்கிறது. இரண்டாவதாக இன்னொன்று கட்டினால் இருட்டு வராது என்பது எப்படி என்று ஒருவரும் விளக்கவில்லை.

நுரைச்சோலைச் சனம் சாம்பலைப் பற்றி வருஷக்கணக்காக முறையிடுகிறது. அங்கேயும் எங்களைப் போலத்தான், ஒருபக்கம் கடல், மறுபக்கம் தோட்டம். காற்று எழும்பினால் சாம்பல் மேட்டில் இருந்து தூசி பயிரில் படிகிறது என்கிறார்கள்.

மார்ச் 28, திங்கள்

கடற்படை முகாமாக இருந்த காணியும் இந்த மாதத்தோடு சனத்திடம் வந்துவிட்டது, 237 ஏக்கர். பள்ளிக்கூடமும் அதற்குள்தான் இருந்தது. பின்னேரம் போய்ப் பார்த்தோம். அம்மா கதவு நிலையைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை.

ஏப்ரல் 25, திங்கள்

இன்றோடு பத்து வருஷம். 2006 ஏப்ரல் 25 மத்தியானம் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தாக்குதல், அன்றைக்கே எங்கள் பக்கம் குண்டு விழுந்தது. அதைப் பற்றி இன்று எழுதவேண்டும் என்று இருந்தேன், கை வரவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என்று இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களின் பெயரை மட்டும் எழுதி வைக்கிறேன். அங்கே செத்தவர்களுக்குச் சம்பூரில் ஒரு பிடி மண்கூடக் கிடைக்கவில்லை.

மூன்று நாளைக்கு முன்தான் பாரிஸ் காலநிலை உடன்படிக்கையில் இலங்கையும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கரிப்புகையைக் குறைப்போம் என்று அங்கே ஒரு கையெழுத்து, இங்கே 500 மெகாவாட் நிலக்கரிக்கு ஒரு கையெழுத்து.

மே 8, ஞாயிறு

மூதூருக்குப் போய்வந்தேன், நிலக்கரி நிலையம் வேண்டாம் என்ற எங்கள் மனுவுக்குக் கையெழுத்து வாங்க. என்னோடு முன்பு ஒன்றாகப் படித்தவரின் காக்கா (அண்ணன்) ஒருவர், கரைவலைச் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர், கடற்கரையில் வாடிக்குள், மீன்பிடிக் கொட்டிலுக்குள் இருந்தார். பேசவே விடவில்லை, "கொண்டாங்க பேப்பர", என்று முதல் ஆளாகப் போட்டார். பிறகுதான் பேச்சு.

நான் எதிர்பார்த்தது புகையைப் பற்றிப் பேசுவார் என்று. அவர் பேசியது தண்ணீரைப் பற்றி. நிலையத்துக்குக் குளிர்விக்கக் கடல்தண்ணியை இழுத்து, சூடாகத் திரும்ப விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். "தம்பி, மீன் குஞ்சு ஆழ்கடல்ல வளர்றதில்ல. கரையோரம், கழிமுகம், சாதாழைப் புல்லுக்குள்ளதான். மகாவலி வந்து விழுற இடம் இது, ஆத்துச்சேறும் உப்பும் கலக்கிற இடம். அதுல சுடுதண்ணிய விட்டா குஞ்சு எங்க போகும்?" குழாய் இழுக்கும்போது முட்டையும் குஞ்சும் சேர்ந்து உள்ளே போய்விடும், அதை ஆர் எண்ணுவார்கள் என்றார். கூனித்தீவு, சூடைக்குடா என்று எங்கள் பக்கத்து ஊர்களின் பெயர்களையே பாருங்கள், கூனி இறாலும் சூடை மீனும். இறாலின், மீனின் பெயரில் ஊர் வைத்த சனம் நாங்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் காற்று. மாரியில் வாடைக்காற்று அடித்தால் புகை எல்லாம் மூதூர்ப் பக்கம் உள்ளே வரும். இப்போது கச்சான், தென்மேற்குக் காற்று, இது கடலுக்குத் தள்ளும், தொழிலுக்குப் போகிறவர்களின் மேல். வருஷத்தில் எந்த மாதமும் ஏதோ ஒரு சனத்தின் தலையில்தான்.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். 2006இல் மூதூர் முஸ்லிம் சனமும் ஊரைவிட்டு ஓடியது, எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் அதன்பிறகு நிறைய மௌனம். இந்த மனுவை வைத்துக்கொண்டுதான் நான் பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த வாடிக்குள் போய் இருந்து பிளேன் ரீ குடித்தேன். இருட்டும் வரை வலை பொத்திக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூன் 12, ஞாயிறு

எல்லோரும் எதிர்ப்பு என்று எழுதினால் அது பொய். பக்கத்து வளவுத் தம்பிக்கு இருபத்து மூன்று வயது, முகாமிலேயே வளர்ந்தவன், ஓ.எல். (சாதாரண தரம்) முடித்திருக்கிறான், வேலை இல்லை. அவன் கையெழுத்துப் போடவில்லை. "அண்ணை, நீங்க வயலக் கேக்கிறீங்க. எனக்கு வயலே இல்ல. அது வந்தா எனக்கு ஒரு வேலை கிடைக்கும்" என்றான்.

நான் அவனோடு சண்டை பிடிக்கவில்லை. கட்டும்போது கூலி வேலை கிடைக்கும், கட்டி முடிந்தபின் உள்ளே இருப்பவர்கள் பொறியியலாளர்களும் பயிற்சி எடுத்தவர்களும், அவர்கள் வேறு இடத்தில் இருந்து வருவார்கள் என்று சொன்னேன். அவன் கேட்டான், "அப்ப நீங்க எனக்கு என்ன தருவீங்க?" என்று. இது நியாயமான கேள்வி. எங்கள் மனுவில் இதற்கு ஒரு வரியும் இல்லை. இன்று இரவு உட்கார்ந்து அதை மாற்றி எழுதினேன்: வயலுக்குக் குளத்தைத் திருத்த வேண்டும், கடல்தொழிலுக்கு ஐஸ் வைக்க ஒரு இடம், மின்சாரம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் சூரியனில் எடுங்கள், எங்கள் ஊரில் வெயிலுக்கு ஒரு குறையும் இல்லை.

கணக்கும் பார்த்தேன். 500 மெகாவாட் நாள் முழுக்க ஓடினால் நாலாயிரம் ஐயாயிரம் தொன் நிலக்கரி வேண்டும் போல இருக்கிறது. இவ்வளவும் கப்பலில் வந்து, குடாவுக்குள் இறங்குதுறையில் இறங்கி, கொண்டுபோகும் பட்டியில் ஏறி, திறந்த வெளியில் குவிந்து கிடக்க வேண்டும். எரிந்தபிறகு மிஞ்சும் சாம்பல் எங்கே போகும்? எங்கள் கிணறுகள் ஆழமில்லை. மேலே ஊறும் நல்ல தண்ணியை நம்பித்தான் இந்தக் கரையில் சனம் குடியிருக்கிறது.

காலையில் அவனிடம் புதுத் தாளைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு வைத்துக்கொண்டான். இன்னும் போடவில்லை.

ஓகஸ்ட் 3, புதன்

மனுவைக் கொடுக்கப் போன அலுவலகத்தில் இரண்டு மணிநேரம் வெளியில் இருத்தினார்கள். வாங்கிக்கொண்டு, "இது முடிஞ்ச விஷயம்தானே" என்றார் ஒருவர். பதிவு இலக்கம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சுற்றாடல் அமைப்பு ஒன்று கொழும்பில் உயர் நீதிமன்றத்தில், நாட்டின் அதிஉயர் நீதிமன்றத்தில், வழக்குப் போட்டிருக்கிறது, இனி அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 14, புதன்

நேற்றுப் பின்னேரம் மூதூரில் இருந்து போன் வந்தது. காக்காவின் குரல், காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை, "இல்லையாம் தம்பி, கட்டுறதில்லையாம்" என்பது மட்டும் கேட்டது. நம்பவில்லை. இன்று பேப்பரில் வந்திருக்கிறது: சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று சட்டமா அதிபர் திணைக்களம் நேற்று உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்திருக்கிறது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரமும். பிறகு பத்திரகாளி அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தப் போய்விட்டார்.

பக்கத்து வளவுத் தம்பி மாலை வந்தான். "சந்தோசமா அண்ணை?" என்றான். ஓம் என்றேன். அவன் முகத்தில் சந்தோசம் இல்லை, வருத்தமும் இல்லை. மத்திய கிழக்குக்குப் போக ஏஜென்சியில் பதிந்திருக்கிறானாம்.

செப்டம்பர் 18, ஞாயிறு

நிலையம் வராது என்று சொல்லியிருக்கிறார்கள். வயல் திரும்ப வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்று கிராம சேவகரிடம் கேட்டேன், தனக்கு இன்னும் கடிதம் ஒன்றும் வரவில்லை என்றார், அவர் பாவம்.

பின்னேரம் மகளோடு அந்த எல்லைக்கல் நிற்கும் இடத்துக்குப் போனேன். அதைக் கிண்டி எடுக்கலாமா என்று கேட்டாள். தொடக்கூடாது, அது அரசாங்கக் கல் என்றேன். அப்பா கட்டிய வரம்பு பற்றைக்குள் எந்தப் பக்கம் போகிறது என்று கத்தியால் வெட்டி வெட்டிக் காட்டினேன், ஒரு நூறு அடி வரை பிடிபட்டது, அதற்கு அங்கால் காடு. ஐப்பசி மழைக்கு முன் காணி உறுதியின் (பத்திரத்தின்) பிரதியோடு இன்னொரு மனு கொடுக்க வேண்டும். ஒரிஜினல் வாகரையில் நனைந்து போனது, பிரதி எடுக்கத் திருகோணமலைக் காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும், புதன்கிழமை போவதாக இருக்கிறேன்.