சொந்தத் துப்பாக்கி: தேர்வு முதல் ஐம்பது மீட்டர் அட்டை வரை

துப்பாக்கி சுடும் சங்கத்தின் பொதுத் துப்பாக்கியில் சுடப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வந்தே தீரும். ஆசை மட்டும் அதற்குக் காரணம் அல்ல. பொதுத் துப்பாக்கியை இன்று உயரமான ஒருவர் எடுப்பார். நாளை கை குட்டையான ஒருவர் எடுப்பார். இடையில் யாராவது குறிபார்க்கும் கருவியைத் திருகியிருப்பார்கள். நேற்று இலக்கு அட்டையின் பத்தாம் வட்டத்தில் விழுந்த குண்டு இன்று ஏழாம் வட்டத்தில் விழுந்தால், கோளாறு என் விரலில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்று பிரித்தறிய வழியே இல்லை. அந்தக் குழப்பம் தீர வேண்டும் என்றுதான் வாங்கினேன். வாங்கிப் பழகிய பிறகு ஒன்றை உறுதியாக நம்புகிறேன்: துப்பாக்கியின் பெயருக்குக் கொடுக்கும் பணம் அட்டையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. அதை உடம்புக்குப் பொருத்தவும், அதற்கு ஒத்துவரும் தோட்டாவைக் கண்டுபிடிக்கவும் செலவிடும் பொழுதுதான் தெரிகிறது.

உரிமத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் உரிமம் தேவைப்படும் இடத்தில், அது கைக்கு வருமுன் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். அதில் எழுதியிருக்கும் வகையும் குழலின் விட்டமும் வாங்கப்போகும் துப்பாக்கியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். காத்திருந்த காலத்தில் நான் இரும்புப் பெட்டகத்தை வாங்கிச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிட்டேன். துப்பாக்கிக்கு ஒரு பூட்டு, தோட்டாக்களுக்கு வேறொரு பூட்டு. சாவிகள் என்னிடம் மட்டும். பூட்டி வைக்க ஏற்பாடு இல்லாதவர் துப்பாக்கி வாங்க இன்னும் தயாராகவில்லை என்பதே என் கருத்து. இதில் எனக்கு எந்தத் தளர்வும் கிடையாது.

விட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. பாயிண்ட் டூ டூ லாங் ரைஃபிள். 1887ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கும் தோட்டா இது. வழக்கமான குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். உதைப்பு தோளில் தெரிவதே குறைவு. பெரிய தோட்டாவில் தொடங்குகிறவர்கள் பலர் சத்தத்துக்கும் உதைப்புக்கும் அஞ்சி, விசை விழுவதற்குச் சற்று முன்பே தோளை இறுக்கிக் கண்ணை மூடப் பழகிவிடுகிறார்கள். ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் அந்தப் பழக்கம் எளிதில் இறங்காது.

இந்தத் தோட்டாவிலும் அதிவேக வகையை நான் நாடவில்லை. 20 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதைத் தாண்டிப் புறப்படும் குண்டு, போகும் வழியில் வேகம் குறைந்து ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது குலுங்கிப்போகிறது. இலக்குச் சுடுதலுக்கென்றே செய்யப்படும் தோட்டாக்கள் பெரும்பாலும் ஒலிவேகத்துக்குக் கீழேயே புறப்படுவது இதனால்தான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் வேகத்தைப் போட்டு விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

புதிதாக வாங்காமல், ஒருவர் பயன்படுத்திய போல்ட் ரைஃபிளை, அதாவது ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையை, உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக வாங்கினேன். கனமான குழல், உயர்த்தி இறக்கக்கூடிய கன்னத் தாங்கி, இரண்டு கட்டமாக அழுந்தும் விசை. இத்தனையும் புதிதில் கேட்டால் என் கைக்கு எட்டாத விலை. பழைய துப்பாக்கியை எப்படிப் பார்ப்பது என்று சங்கத்தில் மூத்தவர் ஒருவர் கூடவே வந்து காட்டினார். கடைக்காரர் நீட்டியதும் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியாலும் தொட்டு உறுதி செய்த பிறகுதான் அவர் வேறு எதையும் பார்த்தார். “தம்பி, குழலின் பளபளப்பைப் பிறகு பாருங்கள். முதலில் இந்த வாயைப் பாருங்கள்” என்று தோட்டா நுழையும் அறையின் விளிம்பைக் காட்டினார்.

இந்த வகைத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கிறது. விசையை இழுத்ததும் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அந்த விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்துக்கொண்டே இருந்தால், சில துப்பாக்கிகளில் ஊசி நேராக அறையின் விளிம்பில் போய் மோதும். அந்த இடத்தில் இரும்பு நசுங்கி, மயிரிழை அளவுக்கு ஒரு பிசிறு அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. அவர் காது துடைக்கும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டினார். பிசிறு இருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கிக்கொள்ளும். நான் வாங்கியதில் சிக்கவில்லை. அதற்கு முன் பார்த்த ஒன்றில், கடிகார முள் பன்னிரண்டைக் காட்டும் இடத்தில், வெள்ளை இழை ஒன்று நின்றது. அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்து குழலின் முன்வாய். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு சிறு வெட்டு இருந்தாலும் வெளியேறும் வாயு ஒரு பக்கமாகச் சாய்ந்து குண்டைத் தள்ளிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் சுற்றிலும் பார்த்தோம். பிறகு போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் பாய்ச்சித் துரு இருக்கிறதா என்று பார்த்தோம். திருகுகளின் தலை சிதைந்திருக்கவில்லை. முன்பு வைத்திருந்தவர் பொறுமைசாலி என்பதற்கு அது போதுமான சான்று.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சுட ஓடவில்லை. பொருத்தும் வேலை முழுவதையும் தோட்டா பக்கத்திலேயே இல்லாத அறையில் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறப்பேன். துப்பாக்கி மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கருநிழல் தெரிந்தால், கழுத்தை நீட்டியோ கன்னத்தைத் தூக்கியோ சரி செய்யக் கூடாது. கன்னத் தாங்கியைத்தான் மாற்ற வேண்டும். கழுத்தை வளைத்துப் பழகுகிறவர் களைத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். அப்போது குறியும் கூடவே நகரும். பின்கட்டையின் நீளமும் இப்படித்தான். பிடியைப் பற்றிய கையின் ஆள்காட்டி விரல், நடு மடிப்பில் அல்லாமல் நுனிச் சதையில் விசையைத் தொட வேண்டும். மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஒரு சில மில்லிமீட்டர் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் உடம்பு உடனே பதில் சொல்வதைப் பார்த்து எனக்கே வியப்பாக இருந்தது.

ஸ்கோப் விஷயத்தில் ஒரு விளக்கம். உலகத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஐம்பது மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு இடமில்லை, சிறு துளை வழியாகப் பார்த்துக் குறிவைக்கும் துளைக்குறிதான். நான் கற்க வந்தவன். கண்ணின் தவறைக் கழித்துவிட்டு, கையும் மூச்சும் என்ன செய்கின்றன என்று பார்க்க விரும்பினேன். அதனால் ஸ்கோப் போட்டேன். அதன் செங்குத்துக் கோடு உண்மையிலேயே செங்குத்தாக நிற்க, எதிரே சுவரில் கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, துப்பாக்கியை மட்டம் பார்த்து நிறுத்தி, கோட்டை நூலோடு ஒன்றச் செய்தேன். வளையத்தின் திருகுகளை ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்று இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கடைசித் திருப்பத்தில் கோடு சாய்ந்துவிடும். சுடும் தூரத்துக்கு ஏற்ப ஸ்கோப்பைச் சரியாக வைத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. துப்பாக்கியை மேசையில் அசையாமல் நிறுத்தி, தலையை மட்டும் மேலும் கீழும் லேசாக நகர்த்திப் பாருங்கள். அட்டையின் மேல் கோடு நகர்ந்தால் இன்னும் சரியாகவில்லை.

சுடுகளத்தில் முதல் வேலை குறியைச் சேர்ப்பது. போல்ட்டைக் கழற்றிவிட்டு, தாங்கியில் வைத்த துப்பாக்கியின் குழல் வழியாகவே அட்டையைப் பார்த்து, பிறகு ஸ்கோப்பை அதற்கு இணங்கத் திருப்பினால் முதல் குண்டே அட்டைக்குள் விழுந்துவிடும். அதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். ஒரு குண்டு வலப்பக்கம் போனதும் திருகைத் திருப்புகிறவர்கள் நாள் முழுவதும் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். நான் ஐந்து குண்டுகளை ஒரே இடத்தைப் பார்த்துச் சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வேன். என் ஸ்கோப்பில் திருகின் ஒரு சொடுக்கு என்பது கால் நிமிடக் கோணம் (ஒரு நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). ஐம்பது மீட்டரில் ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர். நடு 18 மில்லிமீட்டர் வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கம் ஐந்து சொடுக்கு. அவ்வளவுதான். அந்த அட்டையில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் என்பதை நினைத்தால், ஒரு சொடுக்கின் மதிப்பு புரியும்.

தோட்டாச் சோதனைதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. விலை உயர்ந்தது எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துவரும் என்று நினைப்பது வீண். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள தோட்டாவில்கூட, பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண் மாறினால் கூட்டம் விரியலாம், சுருங்கலாம். எலி (Eley), லாபுவா, எஸ்.கே. ஆகிய தயாரிப்புப் பெயர்களில் சில வகைகளைக் கொஞ்சமாக வாங்கி, தாங்கியில் வைத்து, காற்றடங்கிய காலை வேளையில் சுட்டுப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முந்தைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலில் இருக்கும், புதியது தன் பூச்சைப் படியவைக்க வேண்டும். எனக்கு ஒத்துவந்தது நடுத்தர விலையில் இருந்த ஒன்று. அதே தொகுதி எண்ணில் கிடைத்த பெட்டிகளை எல்லாம் அன்றே வாங்கிவிட்டேன்.

களத்தின் ஒழுங்கைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. குழல் எப்போதும் இலக்கின் திசையில்தான். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியேதான். ‘நிறுத்து’ என்ற கட்டளை வந்தால் பாதி அழுத்திய விசையையும் விட்டுவிட வேண்டும். போல்ட்டைத் திறந்து, தோட்டாவை எடுத்து, அறை காலி என்று காட்டும் நிறக் கொடியை அதற்குள் செருகிவிட்டுப் பின்னால் நகர வேண்டும். முன்னே யாராவது அட்டை மாற்றப் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடுவது, துடைப்பதற்காகக் கூட, கூடாது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள். வழக்கத்துக்கு மாறாக மெல்லிய சத்தம் கேட்டால் அடுத்த தோட்டாவை ஏற்றவே ஏற்றாதீர்கள். முந்தைய குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம்.

சிறிய தோட்டா என்று காதை அலட்சியம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதன் வெடிச் சத்தமே 140 டெசிபலை ஒட்டி வரும். அந்த அளவு ஓசை காதுக்குள் செய்யும் சேதம் திரும்பச் சீராகாது. நான் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் போடுகிறேன். கண்ணாடியும் கட்டாயம். குண்டு ஈயம், பற்றவைக்கும் ரசாயனத்திலும் பெரும்பாலும் ஈயம்; எனவே சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை. சுடப் போட்ட உடையைத் தனியாகத் துவைக்கிறேன்.

சுடுவதற்கு முன், களத்தில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் பாதைகளில் என் பாதையின் எண்ணையும் அட்டைக்கு மேல் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். இது தேவையில்லாத சடங்கு அல்ல. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும்) போட்டியின் இறுதிச் சுற்றில் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்த அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ், கடைசிக் குண்டைப் பக்கத்துப் பாதையின் இலக்கில் சுட்டுவிட்டார். அந்தக் குண்டுக்குப் பூஜ்யம். தங்கம் கைநழுவி எட்டாம் இடத்துக்குப் போனார். அவ்வளவு பெரிய வீரருக்கு நேர்ந்தது யாருக்கும் நேரலாம்.

படுத்த நிலையில் துப்பாக்கியை இலக்கை நோக்கி வைத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறந்தால் குறி எங்கே நிற்கிறதோ அதுதான் உடம்பு விரும்பும் இடம். அது பத்தில் இல்லையென்றால் கையால் தள்ளிக் கொண்டுபோகாமல், இடுப்பையும் முழங்கையையும் நகர்த்தி உடம்பையே திருப்ப வேண்டும். இந்த ஒன்றைப் பழகிய பிறகு என் கூட்டங்கள் கண்கூடாகச் சுருங்கின. மூச்சை விட்டு முடித்ததும் வரும் இயல்பான இடைவெளியில் விசையை அழுத்துகிறேன். சில நொடிகளுக்குள் சுடவில்லை என்றால் விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறேன். நீட்டித்தால் கண்ணும் மங்கும், கையும் நடுங்கும். காற்றுக்கு, களத்தில் நட்டிருக்கும் சிறு கொடிகளைப் பார்த்து, அவை ஒரே மாதிரி ஆடும் நேரத்தில் மட்டும் சுடுவது போதும். எதிர்த்துக் கணக்குப் போடும் அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை.

ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் தோட்டாவின் தொகுதி எண், வெப்பம், காற்றின் திசை, ஸ்கோப்பின் நிலை ஆகியவற்றைக் குறித்து அடுக்கி வைக்கிறேன். குழலை அறைப் பக்கத்திலிருந்தே, வழிகாட்டிக் குழாய் போட்டுத் துடைக்கிறேன். முன்வாயிலிருந்து கம்பியை விட்டால் கம்பி உரசிச் சிறிது சிறிதாக அந்த வாயையே கெடுத்துவிடும். துடைத்ததும் முதல் சில குண்டுகள் தள்ளி விழுவதும் குறிப்பில் இருக்கிறது. எனவே போட்டி முறையில் எண்ணிச் சுடும் நாளுக்கு முந்தைய இரவில் குழலைத் தொடுவதில்லை. இப்போது கையில் இருக்கும் தொகுதி தீரப்போகிறது. அடுத்த வாரம் இரண்டு புதிய தொகுதிகளிலிருந்து மாதிரிப் பெட்டிகள் வருகின்றன. தாங்கியையும் கொடிகளையும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போக வேண்டும்.