யார் எழுதியது என்று தேடிய நாட்கள்

மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கு எப்போதாவது இப்படி ஓர் உத்தரவு வரும்: "யார் எழுதுறாங்கன்னு கண்டுபிடிங்க." சென்னையில் நான் முன்பு இருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வந்தது. எங்கள் தலைவர் பேசுவது போலவே யாரோ ட்விட்டரில் எழுதிக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் நடு இரவில் கேப்புக்காக வாசலில் நிற்பதும், "பிரமாதமாக வேலை செய்தீர்கள், ரேட்டிங் மட்டும் போன வருஷத்ததே" என்ற அப்ரைசல் பேச்சும் எந்த அலுவலகத்தைப் பற்றியவை என்று எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரிந்தது.

அலுவலக நெட்வொர்க்கில் தடயம் எதுவும் சிக்கவில்லை. அப்புறம் ஊகம்தான். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் சிரிக்கவைக்கும் ஒரு டெஸ்டரை, அதாவது மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பவரை, மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மின்னஞ்சல்களைப் பிரின்ட் எடுத்து, வாக்கிய முடிவில் மூன்று புள்ளி வைத்த இடங்களில் எல்லாம் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டிருந்தார்கள். ட்விட்டரிலும் அதே மூன்று புள்ளியாம். "மேடம், மூணு புள்ளி யாருதான் வைக்கல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவர் வாய் திறக்கவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டே போய்விட்டார். அவர் போன பிறகும் அந்தக் கணக்கில் பதிவுகள் வந்துகொண்டுதான் இருந்தன. அதுவும் அலுவலகத்தின் உள்விவகாரங்களோடு.

2009இல் ஐபிஎல் தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது, 'ஃபேக் ஐபிஎல் பிளேயர்' என்ற பெயரில் ஒருவர் எழுதியது பலருக்கு நினைவிருக்கும். கொல்கத்தா அணியில் ஆட வாய்ப்புக் கிடைக்காத வீரன் என்று சொல்லிக்கொண்டு, சக வீரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கிண்டலடித்தார். சந்தேகம் வீரர்கள் மேல்தான் விழுந்தது. 2010இல் அவரே வெளியே வந்தார்: பெங்களூரில் மார்க்கெட்டிங் வேலை பார்த்த அனுபம் முகர்ஜி. அந்த அணியில் அவர் இருந்ததே இல்லை.

அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸின் லிஃப்டில் காதில் விழுந்த பேச்சு என்று ட்விட்டரில் எழுதி, லட்சக்கணக்கானோரைச் சேர்த்தவர் கதையும் இதேதான். 2014 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அவரை அடையாளம் காட்டியது. ஜான் லெஃபெவ்ர், டெக்சாஸ்காரர். சிட்டி குழுமம் என்ற இன்னொரு வங்கியில் பாண்டு (கடன் பத்திர) வியாபாரத்தில் இருந்தவர், கோல்ட்மேனில் வேலை செய்ததில்லை. அவர் பெயரை வெளியிட்டது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். உள்ளே இருப்பவன் எழுதுகிறான் என்று வாசகர்கள் நம்பினார்கள், புத்தக ஒப்பந்தம் வரை போனது. உள்ளே இருந்து பார்த்தேன் என்று சொல்லிச் சம்பாதிக்கிறவரை, உள்ளே இருந்தாயா என்று கேட்கத்தான் வேண்டும்.

சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, பைசா வாங்காமல், தன் அலுவலகத்து அபத்தத்தை எழுதுகிறவரின் நிலைமை வேறு. பெயர் தெரிந்தால் அவருக்கு வேலை போகும். பெயர் தெரியாவிட்டால் பக்கத்து இருக்கைக்காரருக்குப் போகும். எங்களிடம் போனது அப்படித்தான்.

இப்போது இருக்கும் நிறுவனத்தில் சமூக ஊடக விதிகளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மிரட்டல், பாலியல் தொந்தரவு, வாடிக்கையாளர் தகவல் கசிவு, இந்த மூன்றுக்குத் தவிர வேறு எதற்காகவும் யார் எழுதியது என்று தேடக் கூடாது என்று வரைவில் போட்டிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் கெடுவதையும் சேர்க்கச் சொல்கிறது சட்டப் பிரிவு. நான் சேர்க்கவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் அந்த டெஸ்டருக்கு நடந்ததை, ஆள் யாரென்று சொல்லாமல், அவர்களிடம் சொல்லப் போகிறேன்.