கொல்லைக் கதவு திறக்கும் ஜூன்

இங்கிலாந்துக்கு வந்து பக்கத்து வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போக எனக்குப் பல வருடம் பிடித்தது. விரோதம் ஒன்றும் கிடையாது. குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளும்போது மழையைப் பற்றிப் பேசுவோம். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். நாங்கள் இல்லாத நேரத்தில் பார்சல் வந்தால் வாங்கி வைப்பார்கள். அதோடு சரி. இதே மனிதர்கள்தான் ஜூன் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் வீட்டின் பின்பக்கத் தோட்டத்தை விரியத் திறந்துவிட்டு, முன்பின் தெரியாத கூட்டத்தையெல்லாம் உள்ளே விடுகிறார்கள்.

நாங்கள் இருப்பது ஷ்ராப்ஷயர், வேல்ஸ் எல்லையோரம். லட்லோவைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஜூன் பிறந்தால் வேலிக்கு வேலி 'ஓப்பன் கார்டன்ஸ்' அறிவிப்பு தொங்கும். இங்கே வேலைக்கு வந்து சேரும் நம்மூர்ப் பிள்ளைகள் "அக்கா, இவங்களோட எப்படிப் பழகறது?" என்று கேட்டால் நான் இதற்குத்தான் அனுப்புகிறேன். பப்பில் பேச்சைத் தொடங்குவது சிரமம். தோட்டத்தில் "இது என்ன செடி?" என்று ஒரு கேள்வி போதும், அரை மணி நேரம் அவர்களே பேசுவார்கள்.

நடைமுறை ரொம்ப எளிது. காரை ஏதாவது ஒரு விவசாயி ஒதுக்கிக் கொடுத்த புல்வெளியில் நிறுத்த வேண்டும். வில்லேஜ் ஹாலில் மேசை போட்டு இரண்டு பெண்மணிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்குச் சில பவுண்டு கொடுத்தால் கையால் வரைந்த ஊர்ப்படம் ஒன்றும், சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கரும் தருவார்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இலவசம். படத்தில் எண் போட்டிருக்கும் வீடுகளுக்கு எந்த வரிசையிலும் போகலாம். மழை வந்தாலும் நிறுத்த மாட்டார்கள். குடையோடு நின்றுகொண்டு ரோஜாவைப் பற்றிப் பேசுவார்கள். வசூல் தேவாலயக் கூரைக்கோ, வில்லேஜ் ஹால் பராமரிப்புக்கோ போகும்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் திண்ணை ஊருக்கு, கொல்லை வீட்டுக்கு. திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கொல்லைவரை வர உரிமை வேண்டும். இங்கே முன்புறம் யாரும் உட்காரவே மாட்டார்கள். வெட்டிவிட்ட புல், ஒரு பறவைத் தொட்டி, சாத்திய கதவு. மனிதர்களின் ஆசை, கிறுக்கு, பிடிவாதம் எல்லாம் பின்னால் இருக்கிறது. ஒருவர் ரயில் தண்டவாளம் போட்டுக் குட்டி ரயில் விட்டிருப்பார். இன்னொருவர் பழைய குளியல் தொட்டியில் அல்லி வளர்ப்பார். ஓர் அம்மா நிலமெல்லாம் இடுப்புயரப் புல்லாக விட்டுவிட்டு, நடுவில் ஒற்றையடிப் பாதை மட்டும் வெட்டியிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அது சோம்பேறித்தனம், மீதிப் பேருக்கு வண்டுகளுக்கான புண்ணியம். எனக்கு அந்தத் தோட்டம்தான் பிடித்தது.

கிராமத்துக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நாடு முழுக்க நடக்கும் பெரிய ஏற்பாடு ஒன்று உண்டு, நேஷனல் கார்டன் ஸ்கீம். மஞ்சள் சுவரொட்டி அவர்களுடையது. நான் நர்ஸ் என்பதால் அதன் பூர்வகதை எனக்குக் கொஞ்சம் சொந்தம். ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ் என்ற ஏற்பாட்டை 1859-இல் லிவர்பூலில் தொடங்கியவர் வில்லியம் ராத்போன் என்ற வணிகர். அரசின் இலவச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வருவதற்கு முன் அந்த நர்ஸுகளின் சம்பளம், பயிற்சி எல்லாமே நன்கொடையில் ஓடியது. 1926-இல் எல்சி வாக் என்ற பெண்மணி, இந்த நர்ஸுகளுக்கான அமைப்பான குவீன்ஸ் நர்ஸிங் இன்ஸ்டிடியூட்டின் குழுவில் இருந்தவர், நல்ல தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்துவிட்டு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கினால் என்ன என்று கேட்டார். அடுத்த வருடம், 1927-இல், 609 தோட்டங்கள் திறந்தன. 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 1948-இல் என்.எச்.எஸ். வந்து நர்ஸுகளை ஏற்றுக்கொண்ட பிறகும் வழக்கம் நிற்கவில்லை. இன்றும் அந்தப் பணம் மேக்மில்லன், மேரி க்யூரி போன்ற புற்றுநோய், அந்திமகாலப் பராமரிப்பு அமைப்புகளுக்குப் போகிறது. வார்டில் நான் தினமும் பார்க்கும் மேக்மில்லன் நர்ஸின் பின்னால் யாரோ ஒருவரின் ரோஜாப் பாத்தி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தோட்டத்தில் விற்கும் கேக் துண்டுக்கு மூன்று பவுண்டு கேட்டால் மனசு கணக்குப் பார்ப்பதில்லை.

ஜூன் தோட்டத்தில் நான் முதலில் தேடுவது ஃபாக்ஸ்குளோவ். ஆள் இடுப்புக்கு மேல் நிற்கும் தண்டு. அதில் ஒரே பக்கமாகத் தொங்கும் ஊதா மணிகள். மணிக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளை வளையம் போட்ட கரும்புள்ளிகள், வண்டு இறங்குவதற்குப் போட்ட கோலம் போல. உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி கொடுத்துவந்த ரகசிய மருந்தைப் பற்றி, இதே மாவட்டத்தில் பிறந்த டாக்டர் வில்லியம் விதரிங்குக்கு 1775-இல் தெரியவந்தது. இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்த அந்தக் கலவையில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று பிடித்து, பத்து வருடம் நோயாளிகளிடம் அளவு பார்த்து, 1785-இல் எழுதி வெளியிட்டார். நாங்கள் நாடி பார்த்துவிட்டுக் கொடுக்கும் டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை, இதே குடும்பத்து இன்னொரு ஃபாக்ஸ்குளோவிலிருந்து எடுப்பது. அளவு கூடினால் விஷம். ஒரு வீட்டில் குழந்தைகள் அந்த மணிகளை விரலில் மாட்டி விளையாடுவதைப் பார்த்துவிட்டு, "கையைக் கழுவிட்டு கேக் சாப்பிடுங்க" என்றேன். அவர்கள் பாட்டி நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. பூவைப் புகழ்வதைவிட கம்போஸ்ட்டைப் புகழுங்கள். மரப்பலகை அடைத்து மூன்று அறையாகப் பிரித்து, ஒன்றில் பச்சைக் கழிவு, ஒன்றில் பாதி மட்கியது, ஒன்றில் கறுத்த உரம் என்று வைத்திருப்பவரிடம் "தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். அடுத்தது, கிளை ஒடிக்கக் கூடாது. மணிபிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று வளர்ந்த நமக்குக் கை துறுதுறுக்கும். வாசலிலேயே மேசை போட்டு நாற்றுகளை விற்பார்கள். பக்கத்து டப்பாவில் காசைப் போட்டுவிட்டு எடுத்துவரலாம்.

ஒரு தோட்டத்தின் கோடியில் ஓடை. அதன் சொந்தக்காரர், எண்பதைத் தாண்டிய பெரியவர், கரையில் குனிந்து எதையோ பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். சிவந்த சாறுள்ள தண்டு, ஓரம் அரம் போன்ற இலை. பார்த்ததுமே காசித்தும்பைச் சாயல் தெரிந்தது. "ஹிமாலயன் பால்சம். 1839-இல் கொண்டுவந்தோம். இப்போது நாட்டின் ஆற்றங்கரையெல்லாம் இதுதான். உங்கள் நாட்டிலிருந்து..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். காது வரை சிவந்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன். "நாங்களாக வரவில்லை சார், நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்" என்றதும் அவரும் சிரித்தார். விதை வெடித்துச் சிதறும், ஓடைத் தண்ணீர் அதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும், குளிர்காலத்தில் செடி செத்ததும் கரை மொட்டையாகி மண் கரையும் என்று விளக்கினார். காய் பிடிப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். வேர் ஆழம் போகாததால் ஒரு இழுப்பில் வருகிறது. சின்ன வயதில் காசித்தும்பைக் காயை அழுத்தி வெடிக்கவிட்டு விளையாடியதைச் சொன்னேன். கையுறை ஒரு ஜோடி கொடுத்தார். இருவரும் சேர்ந்து ஒரு பாத்தி நீளத்துக்குச் சுத்தம் செய்தோம்.

அவரிடம் கற்றதுதான் இன்று எங்கள் வீட்டுத் தோட்டம். மே பாதி தாண்டாமல் எதையும் வெளியே நடாதே, உறைபனி கொன்றுவிடும் என்றார். கத்தரியும் மிளகாயும் கண்ணாடிக் குடிலுக்குள்தான். வெந்தயமும் கொத்தமல்லியும் வெளியே செழிக்கின்றன. இந்தக் குளிர்ச்சி அவற்றுக்குப் பிடிக்கிறது. மூங்கில் குச்சி ஊன்றிக் கூடாரம் கட்டி ரன்னர் பீன்ஸ் ஏற்றிவிட்டிருக்கிறோம். சிவப்புப் பூ, பிஞ்சாகப் பறித்தால் பொரியலுக்கு அருமை. முருங்கை ஆசையை விட்டுவிட்டோம். ஓடில்லாத நத்தைகளுக்குக் கிண்ணத்தில் பியர் வைத்துப் பொறி போட வேண்டும் என்பதைக் கேட்டு என் வீட்டுக்காரர் அந்த வேலையை மட்டும் தானே ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வருட வரைபடத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு எண் போடலாமா என்று குழுவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். எனக்கு கேக் வராது, வடையும் சட்னியும் போடுகிறேன் என்றேன். ஒவ்வாமைப் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தார் செயலாளர். இந்த நாட்டில் 14 பொருட்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். உளுந்து அதில் இல்லை, தேங்காயும் இல்லை. கடுகு இருக்கிறது. கடுகு இல்லாமல் செய்யலாமா என்று பணிவாகக் கேட்டார். தாளிக்காத சட்னியை என் பெயரில் விற்க முடியாது என்று நானும் பணிவாகவே சொன்னேன். லேபிளில் 'கடுகு' என்று கொட்டை எழுத்தில் போடுவதாக முடிவாகியிருக்கிறது.