ஏரிக்குள் காடு, வயலுக்குள் ஏரி: எங்கள் ஊரை வரைபடத்தில் ஏற்றிய அனுபவம்

எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். ஏரிப்பாசனத்தை நம்பித்தான் விவசாயம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலைச் சீரமைக்கக் கேட்டு மனு கொடுக்கும் பேச்சு வந்தபோது, ஏரி, மதகு, வாய்க்கால், ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல் எல்லாம் தெரிகிற ஒரு வரைபடம் இருந்தால் நல்லது என்று பாசனச் சங்கத்தில் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் வரையலாம் என்பதால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தைத் திறந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை மூன்று மாதம் இழுத்தது. ஒரே இடத்தில் இரண்டு பரப்புகள் வந்து விழுந்தால் என்ன செய்வது என்பதைப் புரிந்துகொள்ளவே பாதி நாள் போனது.

நான் போகும் முன்பே ஊர் அங்கே இருந்தது. யாரோ ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மொத்த ஊரையும் வளைத்து ஒரே வயலாகப் போட்டிருந்தார். அந்த வயலுக்குள்ளேயே குடியிருப்பு, அதற்குள்ளேயே ஏரி. திரையில் பார்த்தால் தப்பு எதுவும் தெரியாது. அந்தத் தளத்தின் வழக்கமான வரைபடம் நிலப்பரப்புகளில் பெரியதை முதலில் தீட்டி, சிறியதை அதன்மேல் தீட்டுகிறது. தண்ணீரை அவற்றுக்கும் பிறகு தீட்டுகிறது. அதனால் வயல் அடியில் போய், ஊரும் ஏரியும் மேலே பளிச்சென்று வந்துவிடும். சரி, இதில் கை வைக்க வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். அப்புறம் தரவை இறக்கி கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வயல் பரப்பைக் கணக்குப் போட்டால், ஏரியும் வீடுகளும் வயலோடு சேர்ந்து வந்தன. அந்தக் கணக்கை மனுவில் வைத்திருந்தால் எங்கள் பேச்சை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அன்றே அந்தப் பெரிய வயலைப் பிரித்து, வாய்க்கால் வாரியாகத் துண்டு துண்டாக வரைய ஆரம்பித்தேன்.

அடுத்தது கருவேல மரங்கள். எங்கள் பக்கத்துப் பல ஏரிகளில் நீர்ப்பிடிப்பில் சமூகக் காடுகள் திட்டத்தில் கருவேலம் நட்டார்கள். மழைக்காலத்தில் அந்த மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். நான் ஏரியை ஒரு பரப்பாகவும் மரங்களை இன்னொரு பரப்பாகவும் வரைந்தேன். வரைபடத்தில் காட்டின் பச்சை காணாமல் போய், ஏரியின் நீலத்தின்மேல் மரக் குறிகள் மட்டும் மிதந்தன. பச்சையை மேலே கொண்டுவர அந்தக் காட்டுக்கு ‘லேயர்’ என்ற டேக்கில் (வரைந்ததைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்பில்) 1 என்று போட்டேன். எதுவும் மாறவில்லை. இரண்டு நாள் கழித்து, பல வருடமாக வரைந்துவரும் ஒருவர் என் திருத்தத்தின் கீழே பொறுமையாக எழுதியிருந்தார். லேயர் எண் எந்தச் சாயத்தை மேலே பூசுவது என்று சொல்வதற்கு இல்லையாம். பாலத்துக்கு அடியில் ஆறு போவது போல, ஒன்றை ஒன்று உண்மையிலேயே மேலும் கீழுமாகக் கடக்கும் இடத்தில் மட்டும் போட வேண்டியது. வழக்கமாக மைனஸ் 5 முதல் 5 வரைதான் போடுவார்கள். அந்த 1-ஐ உடனே எடுத்துவிட்டேன்.

அந்த எண்ணுக்குச் சரியான இடம் மதகு. ஏரித் தண்ணீர் கரைக்கு அடியில் குழாயாகப் புகுந்து மறுபக்கம் வாய்க்காலாக வெளியே வருகிறது. கரையின் மேல் வண்டிப்பாதை போகிறது. கரைக்கு அடியில் வருகிற துண்டை மட்டும் வெட்டி, அடியில் போகிற குழாய் என்பதற்கு ‘டனல்=கல்வெர்ட்’ என்று போட்டு லேயர் மைனஸ் 1 கொடுத்தேன். பாதையும் அந்தத் துண்டும் ஒரு புள்ளியில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டினால் இரண்டும் ஒரே மட்டத்தில் சந்திப்பதாக அர்த்தமாகிவிடும்.

ஏரி நடுவே ஒரு திட்டு. அதில் கன்னிமார் கோயில். திட்டை ஏரியின்மேல் தனியாக வரைந்து வைத்தால் போதாது. ஏரியில் அந்த அளவுக்கு ஓட்டை விழ வேண்டும். அதற்குத்தான் மல்டிபாலிகன், அதாவது பல கோடுகளைச் சேர்த்து ஒரே பரப்பாக்கும் ‘உறவு’. வெளிக்கரை ‘அவுட்டர்’, திட்டின் விளிம்பு ‘இன்னர்’. ஜேஓஎஸ்எம் என்ற வரையும் மென்பொருளில் இரண்டு கோடுகளையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-பி (Ctrl+B) அழுத்தினால் உறவு உருவாகிவிடும். தண்ணீர் என்ற டேக் அந்த உறவில் இருக்க வேண்டும். திட்டின் விளிம்புக் கோட்டுக்கே மரம், புல் என்று தனியாக டேக் கொடுக்கலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஒரே கோடு ஏரிக்கு எல்லை, கோயில் திட்டுக்கும் எல்லை.

இங்கேதான் பெரிய தவறும் செய்தேன். கரையின் ஒரு வளைவு சரியில்லை என்று அந்தத் துண்டை அழித்துப் புதிதாக வரைந்தேன். புதிய துண்டை உறவில் சேர்க்க மறந்தேன். வளையம் மூடவில்லை என்று மென்பொருள் எச்சரித்தும் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஏரியே இல்லை. வளையம் மூடாவிட்டால் அதைப் பரப்பாக எடுத்துக்கொள்ள வழியில்லை. எங்கள் தாத்தா காலத்துக்கு எவ்வளவோ முன்னால் வெட்டிய ஏரி, நான் ஒரு துண்டைச் சேர்க்க மறந்ததால் மறைந்திருந்தது. கை நடுங்கியது. விடுபட்ட துண்டைச் சேர்த்து அனுப்பிவிட்டு, படம் புதுப்பிக்கப்பட்டு நீலம் திரும்பி வரும்வரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இதெல்லாம் மென்பொருள் சொல்லித் தருகிற விஷயம். ஏரி எங்கே முடிகிறது என்பதை அது சொல்லாது. வைகாசியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் ஏரியில் பாதி வெறும் மண்ணாகத் தெரியும். நான் தண்ணீர் தெரிகிற அளவுக்குத்தான் முதலில் வரைந்திருந்தேன். ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சுகிற நீர்க்கட்டியாக இருந்த பெரியப்பாவிடம் காட்டினேன். “ஏம்ப்பா, இது குட்டை. ஏரி இல்ல. கலங்கல் தலையில தண்ணி தட்டுறப்போ எங்க வந்து நிக்குமோ, அதுவரைக்கும் ஏரி” என்றார். கலங்கலின் தலை மட்டம்தான் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம். அவரோடு நடந்து, தண்ணீர் ஏறிய தடம் இருந்த இடங்களை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டேன். அந்தக் கோட்டையே ஏரியின் எல்லையாக வைத்து, வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்காது என்பதற்கு ‘இன்டர்மிட்டன்ட்=யெஸ்’ சேர்த்தேன்.

அந்த நடையில்தான் மரங்களுக்கும் விடை கிடைத்தது. வயலும் ஏரியும் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பது தப்பு, ஏனென்றால் ஒரு நிலம் இரண்டாகவும் இருக்க முடியாது. கருவேலங்காடும் ஏரியும் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பது தப்பே இல்லை. அங்கே இரண்டும் உண்மை. அதனால் அதை அப்படியே விட்டு, மரங்கள் ஏரிக்குள் நிற்கின்றன, பிரிக்க வேண்டாம் என்று ‘நோட்’ டேக்கில் எழுதிவைத்தேன். எங்கள் ஏரியை ஊடறுத்துப் போகிற வருவாய்க் கிராம எல்லையும் அப்படித்தான், அது பாட்டுக்குப் போகட்டும். பக்கத்தில் வேடந்தாங்கலையே பாருங்கள். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். 1998-இல் அறிவித்த சரணாலய எல்லையோ ஏரியிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவு வரை போகிறது. அதற்குள் வயலும் உண்டு, வீடும் உண்டு, வேறு ஏரிகளும் உண்டு. சரணாலயம் என்பது சட்டம் போட்ட கோடு. அதை நிலத்தின் நிறமாக மாற்றி, உள்ளே இருக்கிற வயல்களை அழித்துவிடக் கூடாது.

எல்லாம் முடித்து அச்செடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கோயில் திட்டின்மேல் விரல் வைத்துச் சிரித்தார். அப்புறம் தெற்குக் கரையில் ஓர் இடத்தைத் தட்டினார். “இங்க ஒரு மதகு இருந்துச்சுப்பா. தூர்ந்து போயி இருபது வருசம் ஆவுது. கல்லு இன்னும் கெடக்கு. அதையும் போடு.” வரும் ஞாயிறு அவரோடு அங்கே போகிறேன்.