எழுத வேண்டாம் என்றார்

"இதை மட்டும் எழுதிடாதீங்க" என்றார் அந்த பவுன்சர். நோட்டை மூடிவிட்டேன். மூடியிருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை.

லண்டனில் ஒரு நைட் கிளப் வாசலில், ஆய்வுக்காக அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கறுப்பின இளைஞர்கள் மூன்று பேர் வந்தார்கள், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகள். "இன்னிக்கு லிஸ்ட்ல பேர் இருந்தாதான்" என்று திருப்பி அனுப்பினார். அடுத்து வந்த வெள்ளைக்காரக் கும்பலிடம் லிஸ்ட் என்ற பேச்சே இல்லை. அதில் ஒருவன் தள்ளாடினான். கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். இத்தனைக்கும் அவரும் கறுப்பர்தான்.

நான் கவனித்ததை அவரும் கவனித்துவிட்டார். "உள்ளே கறுப்புப் பசங்க அதிகமாத் தெரிஞ்சா, என்ன பாட்டு போடறீங்கன்னு மேனேஜருக்கு போன் வரும்" என்றார். பிறகுதான் அந்த வேண்டுகோள்.

"படிவம் 696ஐத்தான் ஒழிச்சாச்சே" என்றேன், வகுப்பெடுக்கிற குரலில். 2005ல் லண்டன் போலீஸ் கொண்டுவந்தது அது. டிஜே, எம்சி (மைக் பிடித்து ராப் பாடுபவர்) நிகழ்ச்சி என்றால் கலைஞர்களின் முகவரி, போன் நம்பர் எல்லாம் முன்கூட்டியே கேட்கும். என்ன வகை இசை, வருகிறவர்கள் எந்த இனம் என்றுகூட முதலில் அச்சடித்தே கேட்டார்கள். இனக் கேள்வி பிறகு போனது; படிவமே 2017 நவம்பரில் போனது.

அவர் சிரித்தார். "படிவம் போச்சு. போன் இருக்கே."

எங்கள் துறையில் இந்த ஒரு வரிக்காக வருஷக்கணக்கில் அலைவார்கள். படிவத்தையாவது மேற்கோள் காட்டலாம். போனை எங்கே காட்டுவது?

கட்டுரையில் சேர்க்கவில்லை. ஆய்வு நெறி என்று ஒன்று இருக்கிறது. அவர் கையில் கட்டியிருந்த லைசன்ஸ் அட்டைதான் அவருக்குச் சோறு. சரியாகத்தான் செய்தேன். ஆனால் போன் செய்வது யார் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. அதற்கு எந்த நெறியும் தடையாக இல்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்தால் சும்மா இருக்க முடியாது. அதனால்தானோ என்னவோ. கட்டுரையின் மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்: "2017க்குப் பிறகும் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை."

அந்த மூன்று பேர் எழுதாதே என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வரை நடந்திருந்தால் பேசியிருக்கலாம். குளிராக இருந்தது.

இப்போது அவர் சொன்னதையெல்லாம் எழுதிவிட்டேன். பெயரில்லை, தெருவில்லை. தமிழில் இருப்பதால் அவர் படிக்கமாட்டார் என்றொரு தைரியம் வேறு.