யு, ஜி, சி

2006 ஜூலையில் தரமணிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் டீம் லீட் ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார். “இதுலேருந்து ப்ரோகிராம் கோடை செக்அவுட் பண்ணி வைங்க, மத்தியானம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

செக்அவுட் என்றால் சர்வரிலிருந்து நம் மெஷினுக்கு ஒரு பிரதி இறக்குவது. டீமின் கோட் முழுவதையும், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாற்றோடு சேர்த்து வைக்கும் களஞ்சியம்தான் ரெப்பாசிட்டரி. எங்களுக்கு அதைப் பராமரித்த மென்பொருள் சப்வெர்ஷன், சுருக்கமாக எஸ்விஎன். சீட்டில் இருந்தது ரெப்பாசிட்டரியின் தலைவாசல் முகவரி. உள்ளே ட்ரங்க் (இப்போது வேலை நடக்கும் கோட்), பிராஞ்சஸ் (தனியாகப் பிரித்த கிளைகள்), டேக்ஸ் (ஒவ்வொரு ரிலீஸின்போதும் குறித்து வைத்த நகல்கள்) என்று மூன்று அறைகள் உண்டு, நமக்கு வேண்டியது ட்ரங்க் மட்டும்தான் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வாசலைத் தட்டினேன், வீடே வந்தது. திரையில் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்கு முன்னாலும் ‘ஏ’ என்ற எழுத்து, சேர்த்தாயிற்று என்று பொருள். வரிசை நிற்கவே இல்லை. வேலை மும்முரமாக நடக்கிறது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சப்வெர்ஷனில் டேக் போடுவது சர்வருக்குச் செலவே இல்லாத காரியம். புது நகல் எடுக்காது, “அந்த ரிவிஷன்தான் இது”, அதாவது இன்ன மாற்றம் வரையான கோட்தான் இது, என்று ஒரு குறிப்பு மட்டும் வைத்துக்கொள்ளும். ஆனால் அதையே நம் மெஷினுக்கு இறக்கினால் ஒவ்வொரு டேக்கும் முழு நகலாக வந்து இறங்கும். எங்கள் ப்ராஜெக்டில் முப்பது சொச்சம் ரிலீஸ்கள். போதாததற்கு ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ‘டாட் எஸ்விஎன்’ என்று மறைவாக ஒரு ஃபோல்டர், அதற்குள் நாம் கைவைக்காத அசலின் இன்னொரு பிரதி. ஆக எல்லாமே இரண்டிரண்டு. (2011இல் வந்த சப்வெர்ஷன் 1.7இல்தான் ஃபோல்டருக்கு ஒன்று என்பது போய், எல்லாம் ஒரே இடத்துக்கு மாறியது.) என் மெஷினில் இருந்தது 40 ஜிபி டிஸ்க். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டிஸ்க் ஃபுல்.

லீட் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி முகவரியின் கடைசியில் ‘ட்ரங்க்’ என்று சேர்த்து எழுதிவிட்டு, “நான்தான் எழுதாம விட்டேன்” என்றார். விருதுநகர்க்காரர். இருபது வருஷத்தில் அப்படிச் சொன்ன லீட் எனக்கு வேறு யாரும் வாய்க்கவில்லை.

அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. காலையில் வந்ததும் அப்டேட், அதற்குப் பிறகுதான் டீ. பறக்கும் ரயிலில் திருவான்மியூரில் இறங்கி, வியர்வையோடு நடந்து வந்து சீட்டில் உட்கார்ந்ததும் ‘எஸ்விஎன் அப்’ என்று அடிப்பேன். நேற்று சாயங்காலம் நான் கிளம்பிய பிறகு யார் யார் எதில் கைவைத்தார்கள் என்பது வரிசையாக இறங்கும். ‘யு’ என்றால் புதுப்பித்தாயிற்று. ‘டி’ என்றால் யாரோ ஃபைலையே தூக்கிவிட்டார்கள். ‘சி’ என்றால் மோதல், அதாவது கான்ஃப்ளிக்ட். அதே வரியை இன்னொருவரும் மாற்றியிருக்கிறார். ஃபைலைத் திறந்தால் ஏழு அம்புக்குறி, என் வரி, ஏழு சமக்குறி, அவர் வரி, மறுபடி ஏழு அம்புக்குறி. முதன்முதலில் பார்த்தபோது ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

“சி வந்தா பயப்படாத. அது உன்னைக் கூப்பிட்டு நிறுத்திக் கேக்குது. ஜி வந்தாதான் பயப்படணும்” என்பார் லீட். ‘ஜி’ என்றால் அதுவே சேர்த்துவிட்டது என்று பொருள். ஒரே ஃபைலில் நான் மேலே மாற்றினேன், நீ கீழே மாற்றினாய், வரிகள் இடிக்கவில்லை, சேர்த்தாயிற்று. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. 2008 வரை புரியவில்லை.

வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கிளையன்ட் ஒருவருக்கு ஜாவாவில் பிரீமியம் கணக்குப் போடும் ப்ராஜெக்ட். அதில் ஒரு ஃபங்ஷன் (ஒரு குறிப்பிட்ட கணக்கைச் செய்யும் கோட் துண்டு) பாலிசியின் காலத்தை வருஷத்தில் வாங்கிக்கொள்ளும். ஒரு வருஷத்துக்கும் குறைவான பாலிசிகள் வரப்போகின்றன என்றார்கள். காலத்தை மாதத்தில் வாங்குமாறு மாற்றினேன். உள்ளே 12ஆல் வகுக்க ஒரு வரி. அதைக் கூப்பிடும் ஐந்து இடங்களையும் தேடித் திருத்தினேன். கமிட் பண்ணும் முன், அதாவது என் மாற்றத்தை சர்வரில் பதியும் முன், அப்டேட் அடித்தேன். ‘ஜி’ வந்தது. பில்ட் (கோட் முழுவதையும் ஓடக்கூடிய ப்ரோகிராமாக்குவது) ஓடியது, டெஸ்ட்டுகள் பச்சை காட்டின. ‘மைனர் சேஞ்ச்’ என்று மெசேஜ் போட்டு அனுப்பிவிட்டு டீக்குப் போனேன்.

என் சீட்டிலிருந்து இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், ரென்யூவலுக்காக அதே ஃபைலின் கீழ்ப்பகுதியில் ஆறாவதாக ஓர் இடத்தில் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தார். நான் தேடித் திருத்தி முடித்த பிறகு, கமிட் பண்ணுவதற்கு முன்னால். அவருக்குத் தெரிந்தவரை அது வருஷம். 10 என்று அனுப்பினார். அதுவும் முழு எண், இதுவும் முழு எண், கோட் எழுத்தைச் சரிபார்த்து மாற்றும் கம்பைலருக்கு என்ன வந்தது? பத்து வருஷ பாலிசிக்குப் பத்து மாதக் கணக்கில் பிரீமியம்.

மூன்று வாரம் கழித்து கிளையன்டின் டெஸ்ட்டிங் ஆட்கள்தான் கண்டுபிடித்தார்கள். நிஜ வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை, அந்த மட்டும் தப்பித்தோம். லீட் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் லாகைத் திறந்தார். அடுத்தடுத்து இரண்டு ரிவிஷன், ஒன்று அக்காவுடையது, ஒன்று என்னுடையது. யார் தப்பு என்று அவர் கேட்கவில்லை. “ரெண்டு சீட்தானே தள்ளி இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“தம்பி, மாத்தப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல” என்றார் அக்கா. நீங்களும்தான் சொல்லியிருக்கலாம் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஆனால் ‘ஜி’யைப் பார்த்தது நான். வந்து சேர்ந்தது என்ன என்று டிஃப் (எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியல்) பார்க்காமல் டீக்குப் போனதும் நான்தான். அது வரிகளைத்தான் சேர்க்கும். வருஷம், மாதம் என்று ஆளுக்கொன்றாக நாங்கள் மனதில் வைத்திருந்தது அதற்கு எப்படித் தெரியும்?

அன்று அக்காவிடம் கற்றுக்கொண்டது ஒரு வித்தை. வாங்கும் மதிப்பின் அர்த்தம் மாறினால் ஃபங்ஷனின் பெயரையும் மாற்றிவிட வேண்டும். பழைய பெயரில் யாராவது கூப்பிட்டால் பில்ட் அங்கேயே உடையும். திருத்தத்தை அப்படித்தான் போட்டோம். இன்றும் செய்கிறேன்.

2013இல் சப்வெர்ஷனை விட்டு கிட் (Git) என்ற மென்பொருளுக்கு மாறினோம். லினக்ஸின் கோட் இருந்த பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளின் இலவச உரிமம் கைவிட்டுப் போனதும், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது அது. எங்கள் தளத்துக்கு வந்து சேர எட்டு வருஷம். முழு வரலாறும் ஒவ்வொருவர் மெஷினிலும் இருக்கும் என்றபோது, முதல் நாள் டிஸ்க் நிரம்பியது நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது. சுருக்கி வைக்கிறது, பயந்த அளவுக்கு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தபோது, லேப்டாப்பில் சார்ஜ் இருந்த மூன்று மணி நேரமும் வீட்டிலிருந்தே கமிட் போட்டேன். கிட்டில் கமிட் நம் மெஷினிலேயே பதிவாகும். நெட் வந்த பிறகு புஷ், அதாவது சர்வருக்கு அனுப்புவது. சப்வெர்ஷன் காலமாக இருந்தால் சர்வர் எழுந்திருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எனக்கு ஒரே குறை, ‘ஜி’க்கு எழுத்து போய்விட்டது. ‘ஆட்டோ மெர்ஜிங்’ என்று ஒரு வரி ஓடும், கண் இமைப்பதற்குள் மேலே போய்விடும். ‘புல்’ என்பது ஃபெட்ச்சும் (மற்றவர்கள் மாற்றங்களை இறக்குவது) மெர்ஜும் (நம்முடையதோடு சேர்ப்பது) சேர்ந்த ஒரே அடி. அதனால் நான் புல் அடிப்பதில்லை. ஃபெட்ச் பண்ணி, யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று லாகைப் படித்துவிட்டு, அப்புறம்தான் மெர்ஜ். ரீபேஸா (நம் மாற்றங்களை மற்றவர்களுடையதற்குப் பின்னால் மறுபடி அடுக்குவது) மெர்ஜா என்று டீமில் நடக்கும் சண்டைக்குள் நான் போவதில்லை. எதைச் செய்தாலும் படித்துவிட்டுச் செய்தால் சரி.

இன்னும் அதே கம்பெனி, அதே ப்ராஜெக்ட்தான். ஏன் என்று கேட்காதீர்கள். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் வீட்டிலிருந்து ஆன்லைன் காலில் வந்தான். பிரீமியம் ஃபைலில் பிளேம் போட்டுப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கமாண்ட் அது, பெயருக்குப் பழி என்று பொருள். (சப்வெர்ஷனில் இதே கமாண்டுக்கு ‘பிரெய்ஸ்’, அதாவது பாராட்டு, என்றும் ஒரு பெயர் உண்டு. யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.) கிட்டுக்கு மாற்றியபோது பழைய லாகின்களுக்குப் பெயர் பொருத்தும் பட்டியலை யாரும் முழுசாக நிரப்பவில்லை. பல கமிட்டுகளில் எம்ப்ளாயி நம்பர் மட்டும்தான் இருக்கும்.

“அண்ணா, இங்க ஏன் பன்னண்டால வகுக்குது? 2008 கமிட். மெசேஜ்ல மைனர் சேஞ்ச்னு மட்டும் போட்டிருக்கு. யாருண்ணா இந்த ஆளு, இப்ப இருக்காரா?”

மியூட்டை எடுத்தேன். “இருக்கார், சொல்லு” என்றேன்.